காந்திமதியின் கோடு

மார்ச் 3, திங்கள்

பிசியோதெரபி டாக்டரம்மா தினமும் ஒரு பக்கமாவது எழுதச் சொல்லிவிட்டார். "வலது கையைப் பொத்திப் பொத்தி வச்சிருந்தீங்கன்னா தோள் இறுகிப்போயிரும். எதையாவது எழுதுங்க" என்றார். எதை எழுத என்று கேட்டேன். மனதில் வருவதை எழுதலாமாம். என் மனதில் வருவதையெல்லாம் எழுதினால் நோட்டு தீப்பற்றிக்கொள்ளும்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். தவமணி. அருப்புக்கோட்டையில் லேடீஸ் டெய்லர். ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாலே டேப் எடுக்காமல் அளவு சொல்லிவிடுவேன். எனக்கு வலது மார்பை எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றி முடிந்து, இப்போது மதுரையில் கரண்ட் வைக்கிறார்கள், கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். தினமும் வைக்க வேண்டும் என்பதால் ஊரிலிருந்து வந்துபோக முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு மாடி அறையை மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கட்டில் நான்கு. நாலாவது கட்டிலில் இருந்த பரிபூரணம் போன மாதம் ஊருக்குப் போனாள். எப்படி இருக்கிறாள் என்று யாரும் போன் செய்து கேட்பதில்லை.

இவ்வளவு எழுதியதற்கே தோள் கடுக்கிறது.

மார்ச் 5, புதன்

கரண்ட் எங்கே பட வேண்டும் என்பதற்கு உடம்பில் ஊதா மையால் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோடு அழியாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது எங்கள் முழுநேர உத்தியோகம். சோப்பு கூடாது. நெஞ்சில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இந்த வெயிலில் வியர்த்தால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். மங்கினால் மெஷின் ரூம் ஷீலா மேடமே மேலே மை தொட்டுக் கொடுப்பார். சுத்தமாக அழிந்துபோனால் மறுபடி ஸ்கேன், மறுபடி கோடு, அதற்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். "நீங்களா மட்டும் போட்டுறாதீங்க" என்று ஷீலா மேடம் வாரம் தவறாமல் சொல்கிறார்.

எனக்கு அந்தக் கோடுகளைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. அறையில் என்னோடு இருக்கும் காந்திமதியின் கீழ்க்கோடு அக்குள் பக்கம் தாழ்ந்து கிடக்கிறது, நடு நெஞ்சுக்கு வரும்போது மேலே ஏறிவிடுகிறது. ஸ்கேல் வைத்துப் போட மாட்டார்களா? என் கடையில் வேலைக்கு இருக்கும் பெண் சுண்ணக்கட்டியால் இப்படிக் கோடு இழுத்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இதை காந்திமதியிடம் சொன்னேன். "மனுசங்க மேலயும் நீங்க துணி வெட்டுற கண்ணோடதான் பாக்குறீங்கக்கா" என்று சிரித்தாள்.

மார்ச் 8, சனி

இன்று ஆஸ்பத்திரி விடுமுறை. துணி துவைத்தோம்.

காந்திமதிக்கு இடது மார்பை எடுத்தார்கள். அதனால் அவளுக்கு இடது கை ஏறாது, எனக்கு வலது கை ஏறாது. புடவையின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, மறுமுனையை நான் முறுக்கிப் பிழிகிறோம். உயரத்தில் இருக்கும் டப்பாவை அவள் எடுப்பாள். காய் நறுக்கும்போது நான் இடது கையால் பிடித்துக்கொள்ள, அவள் வலது கையால் வெட்டுவாள். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எங்களுக்கு வெட்கம் போய் வெகுநாளாகிறது.

மூன்றாவது ஆள் மைமூன் அக்கா, இளையான்குடி. அறுபது வயது தாண்டியவர். அவருக்குச் சின்ன ஆபரேஷன்தான். இரண்டு கையும் ஏறும், வாய் அதைவிட நன்றாக ஏறும். நோன்பு மாதம். டாக்டர் நோன்பு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்களோடு இட்லி சாப்பிடுகிறார். அந்தக் கோபத்தை எங்கள் மேல் காட்டுகிறார்.

காந்திமதிக்கு ராஜபாளையம் பக்கம் ஒரு கிராமம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். இரண்டு பெண்பிள்ளைகள், மகாஸ்ரீ, தர்ஷிணி. புருஷன் மகாராஷ்டிராவில் முறுக்குக் கம்பெனியில் இருக்கிறான். அவளுடைய அம்மாதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். தினமும் சாயந்திரம் போன் வரும். சின்னது இன்றைக்கு என்னவெல்லாம் சாப்பிட்டது என்று வரிசையாகச் சொல்லும். இவள் அதைக் கேட்டுக்கொண்டே தன் தட்டில் இருப்பதைச் சாப்பிடுவாள்.

மார்ச் 11, செவ்வாய்

அக்குளில் தோல் கறுத்து உரிகிறது. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 13, வியாழன்

கடையிலிருந்து என் கத்திரியைக் கொண்டுவந்திருந்தேன். இன்று ஒரு பழைய லுங்கித் துணியை விரித்து வெட்டிப் பார்த்தேன். துணி மட்டம். அதனால் கோணிக்கொண்டு போனது. கத்திரியைத் திரும்பப் பையில் வைத்துவிட்டேன்.

வைகாசி முகூர்த்தத்துக்கு ரவிக்கை தைக்க முடியுமா என்று ஒரு வாடிக்கைக்காரி போன் செய்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெயில் தாங்கவில்லை. மூன்று பேரும் மோர் குடித்தோம்.

மார்ச் 14, வெள்ளி

காந்திமதியின் அம்மா காலையில் இறந்துபோனாள். தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம்.

கரண்ட் வைத்துவிட்டு மெஷின் ரூமிலிருந்து வெளியே வந்தவளிடம் நான்தான் சொன்னேன். அவள் அழாமல் ரவிக்கை ஊக்கைப் போட்டுத் தரச் சொன்னாள். போட்டுவிட்டேன். மாட்டுத்தாவணி வரைக்கும் போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, "பிள்ளைக எங்க நிக்குதோ" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 16, ஞாயிறு

சாயந்திரம் காந்திமதி திரும்பி வந்தாள். நாளைக்குக் கரண்ட் வைக்க வேண்டுமே. புருஷன் வந்திருக்கிறானாம், இரண்டு மூன்று நாள் இருப்பானாம். அதற்கப்புறம் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

ரவிக்கையைக் கழற்றினால் நெஞ்சில் கோடு இல்லை. சுடுகாட்டுக்குப் போனவர்கள் வந்ததும் வீட்டுப் பெண்கள் எல்லாரும் தலைமுழுக வேண்டும் என்று கிணற்றடியில் உட்காரவைத்து, பெரியம்மாக்காரி குடம் குடமாக ஊற்றியிருக்கிறாள். மேலே எண்ணெயும் சீயக்காயும் வேறு. பெற்ற தாய் போன நாளில் எனக்கு நெஞ்சில் தண்ணீர் படக்கூடாது என்று எவள் சொல்லுவாள்? கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு சின்ன கூட்டல்குறி மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

மைமூன் அக்கா நோன்பு திறக்கத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

காந்திமதி என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். மறுபடி ஸ்கேன், வரிசை என்று இழுத்தால் பிள்ளைகள் கதி என்ன என்று அழுதாள். நான் முடியாது என்றுதான் சொன்னேன். அவள் விடவில்லை. கீழே கடையில் ஊதா மார்க்கர் வாங்கிவந்து, அவளை ஜன்னலோரம் நிறுத்தி, ஞாபகத்திலிருந்து போட்டேன்.

கை நடுங்கவே இல்லை. ஒரே இழுப்பு. மேல்கோடு, நடுக்கோடு, கீழ்க்கோடு, மூன்றும் நூல் பிடித்த மாதிரி வந்தன. கீழ்க்கோட்டை ஒழுங்காக நேரே இழுத்துவிட்டேன். இத்தனை மாதத்தில் என் கை இப்படி ஓடியதே இல்லை. அவள் கேட்டாள், செய்தேன். அவ்வளவுதான்.

மார்ச் 17, திங்கள்

ஒன்றும் ஆகவில்லை. ஷீலா மேடம் ஒரு வாரம் லீவு. மாற்றுக்கு வந்தவர் வரிசையை முடிப்பதிலேயே குறியாக இருக்கிறார். மெஷின் வெளிச்சத்தைக் கோட்டில் பொருத்திவிட்டு வெளியே போய்விட்டாராம். "மை நல்லா இருக்கே" என்றாராம்.

வாடிக்கைக்காரிக்குப் போன் செய்து, வைகாசிக்குத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

மைமூன் அக்கா என் விரலைப் பார்த்தார். "என்னடி இது, ஊதாவா இருக்கு?"

பேனா ஒழுகிவிட்டது என்றேன். இந்த மை கழுவினாலும் போகமாட்டேன் என்கிறது.

மார்ச் 21, வெள்ளி

காந்திமதியின் புருஷன் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டான். சாயந்திரம் போன் வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு இவள் போட்டுக் கேட்டால், பிள்ளைகள் சாப்பிடாமல் தூங்கிவிட்டன என்று பதில். இன்று பீர்க்கங்காய்க் கூட்டு வைத்தேன். அவள் தட்டைத் தொடவில்லை.

மார்ச் 24, திங்கள்

காந்திமதிக்கு நடு நெஞ்சில், கீழே, புதிதாகச் சிவந்திருக்கிறது. வியர்க்குரு என்று சொன்னேன். பவுடர் போடக்கூடாது என்பதால் விசிறிவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

ஷீலா மேடம் லீவு முடிந்து வந்துவிட்டார். காந்திமதி மேஜையில் படுத்ததும், "இது நான் போட்ட கோடு இல்லையே" என்றாராம். மெஷினை நிறுத்திவிட்டார். டாக்டரை வரவழைத்தார்கள். படம் எடுத்தார்கள். யார் போட்டது, எப்போது போட்டது என்று கேட்டதற்கு இவள் வாயைத் திறக்கவில்லை. மாற்றுக்கு வந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த மனிதர் தான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தாராம். யாரும் நம்பவில்லை. அவரை வேலையைவிட்டு நிறுத்தப் போவதாக வராந்தாவில் பேசிக்கொண்டார்கள்.

அறைக்கு வந்ததும் காந்திமதி சொன்னாள். "நீங்க எதுவும் சொல்லாதீங்கக்கா. சொன்னா வைத்தியமே கிடையாதுன்னு அனுப்பிட்டா என்ன பண்ண? அவுகளே பாத்து சரி பண்ணிருவாக."

நானும் சரி என்றேன். வெண்டைக்காய் முற்றலாக இருந்தது. எடுத்துக் கொட்டிவிட்டேன்.

மார்ச் 26, புதன்

காலையில் காந்திமதி குளியலறையில் இருந்தபோது மைமூன் அக்கா என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். என் வலது கையை இழுத்து மடியில் வைத்து, விரலில் மிச்சமிருந்த ஊதாவைத் தேய்த்துப் பார்த்தார்.

"நான் உன்னய ஒண்ணும் கேக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். எத்தன நாளு தப்பான எடத்துல கரண்ட் வச்சாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே மிச்சத்தக் கணக்குப் பண்ணி வைப்பாங்க? எந்த நாள்லேருந்துன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் புள்ள சொல்லாது. பயந்து கெடக்கு. நீயும் சொல்லலேன்னா அந்த நெஞ்சுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாமப் போயிரும்டி."

எனக்கு அவரை அறைந்துவிடலாம் போல் இருந்தது. பிறகு புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். காந்திமதியிடம் சொல்லவில்லை.

கரண்ட் டாக்டரம்மாவிடம் நின்றுகொண்டே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நான் போட்டேன், திங்களிலிருந்து அதில்தான் வைத்தார்கள், அந்த ஆள் மேல் தப்பில்லை. அவள் அழுதாள், அதனால் போட்டேன். ஷீலா மேடமும் பக்கத்தில் இருந்தார். இருவரும் திட்டுவார்கள் என்று நினைத்தேன். டாக்டரம்மா ஒரு தாளில் பழைய கோட்டைப் போட்டு, அதன் மேல் என் கோட்டைப் போட்டார்.

"ஏம்மா கீழ்க்கோட்ட நேரா இழுத்தீங்க?"

"அது கோணலா இருந்துச்சு, டாக்டர்."

"அது கோணல் இல்லம்மா. அவங்களுக்கு இடது பக்கம். உள்ள இதயம் இருக்கு. அது மேல படக்கூடாதுன்னுதான் கோடு ஒதுங்கி மேல ஏறுது. நீங்க நேரா இழுத்ததுல அங்க பட்டிருக்கு. அக்குள் பக்கம் பட வேண்டிய எடத்துல படாம விட்டுப்போயிருக்கு."

இனி என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம். படாத எடத்துக்கு இனிமே சேர்த்து வச்சிரலாம். பட்டத எடுக்க முடியாது. பத்து வருசம் கழிச்சுத்தான் தெரியும். தெரியாமலும் போகலாம்."

தாளில் இருந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் விரல் அகலம்தான் இடைவெளி. படியில் இறங்கும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

காந்திமதியைக் கூப்பிட்டு எல்லாம் சொல்லிவிட்டார்கள். வைத்தியம் உண்டு, யாரும் அனுப்பவில்லை. ஆனால் புது ஸ்கேன், புதுக் கோடு, கணக்குப் போட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். சித்திரையும் பாதி போய்விடும்.

அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். மைமூன் அக்கா கட்டிலில் இருந்தார்.

"நான் அழுதேன்னு சொன்னீங்களாமே?"

நான் நோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

"நான் எப்பக்கா அழுதேன்? எங்காத்தா செத்த வீட்டுலயே நான் அழுகல. காலைல போய் ஷீலா மேடத்துகிட்டச் சொல்லிருவோம்னுதானே சொன்னேன்? நீங்கதான வேணாம்னீங்க. சொன்னா மாசக்கணக்குல இழுக்கும், பிள்ளைக தெருவுல நிக்கும்னு நீங்கதான சொன்னீங்க? வேண்டாம்க்கான்னு நான் ரெண்டு தடவ சொன்னேன். என் கையிலயே அளவு இருக்கு, நிமிசத்துல போட்டுத் தாரேன்னு கீழ எறங்கிப் போனது யாரு?"

மைமூன் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"போட்டு முடிச்சதும் உங்க மொகத்துல ஒரு சிரிப்பு. அதப் பாத்ததும் நானும் சரிதான்னு இருந்துட்டேன். சொல்லாம இருந்தது என் தப்பு. ஆனா நீங்க போட்டது எனக்காக இல்லக்கா."

பதினாறாம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். கெஞ்சினாள் என்று இருக்கிறது, அழுதாள் என்று இருக்கிறது. நான் அன்றைக்கே, சுடச்சுட, எனக்கு நானே பொய் எழுதியிருக்கிறேன். அவள் சொன்னதுதான் நடந்தது. கத்திரி கோணிப்போன நாளிலிருந்து எனக்குப் பயம். கை போய்விட்டது, கடை போய்விட்டது, இனி நான் யார் என்று பயம். அந்தக் கையைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. அவள் நெஞ்சு கிடைத்தது.

மார்ச் 28, வெள்ளி

எனக்கு இன்றோடு கரண்ட் முடிந்தது. முடித்தவர்களுக்கு அறையில் கேசரி கிண்டுவது எங்கள் வழக்கம். யாரும் கிண்டவில்லை. மைமூன் அக்கா பெருநாளுக்கு ஊருக்குக் கிளம்பினார். வாசலில் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

நான் காந்திமதியிடம் போய் நின்றேன். "நீ முடிச்சுட்டு வர்ற வரைக்கும் பிள்ளைகள நான் பாத்துக்கிறேன். உங்க ஊருக்குப் போறேன்."

வேறு யாராவது இருந்திருந்தால் என்னைப் போக விட்டிருக்கமாட்டாள். வேறு யாரும் இல்லை. முந்தானை முடிச்சிலிருந்து வீட்டுச் சாவியை அவிழ்த்துக் கட்டிலில் வைத்தாள். "சின்னவளுக்கு முட்டை ஆகாது" என்றாள்.

ஏப்ரல் 2, புதன்

பெரியவள் என்னிடம் பேசமாட்டேன் என்கிறாள். செத்துப்போன பாட்டி படுத்த இடத்தில் நான் படுக்கக்கூடாது என்று பாயைச் சுருட்டி வைத்துவிட்டாள். சமையல்கட்டில் படுத்துக்கொள்கிறேன். குழாயடியில் தண்ணீர் பிடிக்க ஒரு கையால் ஆகாது. மகாஸ்ரீ பள்ளிக்கூடம் போகுமுன் பேசாமலே வந்து குடத்தின் மறுபக்கம் பிடிக்கிறாள்.

ஏப்ரல் 9, புதன்

காந்திமதிக்குப் புதுக்கோட்டில் ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகளிடம் சொன்னாள், பிள்ளைகள் என்னிடம் சொல்லின. தினமும் போன் வருகிறது. மகாஸ்ரீ போனை என் பக்கம் நீட்டினால் மறுமுனையில் காந்திமதி வைத்துவிடுகிறாள்.

வைகாசி ரவிக்கைக்காரிக்கு வேறு டெய்லரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

தர்ஷிணி மத்தியானம் என் மேல் சாய்ந்து தூங்கப் பார்த்தாள். வலது பக்கம் தலையை வைத்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு இந்தப் பக்கமா?"

"ஆமா."

"எங்கம்மாக்கு அந்தப் பக்கம்." நகர்ந்து இடது பக்கம் வந்து படுத்துக்கொண்டாள். அவள் தூங்கியபின் அழுதேன். என் மார்பை எடுத்தபோதுகூட இப்படி அழவில்லை.

ஏப்ரல் 26, சனி

காந்திமதி வந்துவிட்டாள். முடிந்துவிட்டது, இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். இதயத்துக்குத் தனியாக ஒரு ஸ்கேன், அது வருடா வருடம்.

பிள்ளைகள் இரண்டும் அவள் மேல் விழுந்தன. இடது பக்கம் இடிக்காமல் பெரியவள் சின்னவளைப் பிடித்து இழுத்தாள். காந்திமதி இளைத்திருந்தாள். பிள்ளைகளின் நகம், தலை, காது எல்லாம் பார்த்தாள். சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தாள். நான் பையோடு வாசலில் நின்றேன்.

பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு என் பக்கம் வந்தாள். ஒரு மாதத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"பிள்ளைகள நல்லா வச்சிருக்கீங்க. அதுக்கு நான் கடமப்பட்டவ." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஆனா மனசு கேக்க மாட்டேங்குதுக்கா. நான் நல்லா இருந்தேன்னா உங்க நெனப்பே எனக்கு வராது. வேல, பிள்ளைகன்னு ஓடிரும். என்னைக்காச்சும் நெஞ்சுல சுருக்குன்னு ஒண்ணு வந்துச்சுன்னா, அந்த நிமிசம் உங்க மொகம்தான் வரும்."

"சரிம்மா" என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணட்டுமா என்று அவளைக் கேட்காமலே வந்துவிட்டேன், கேட்கவும் கூடாது. எனக்கு இருந்த ஒரே தோழி அவள். சாகும்வரை என் முகம் அவளுக்கு ஞாபகம் வரக்கூடாது.